நாற்பது மீட்டருக்கு ஒரு நிறுத்தம்

லத்தீப் பாயின் வலது காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. அவருக்குக் கொடுத்திருந்த நாலாம் நம்பர் பெட்டியில் ஐந்து புது நடைகள் பதிவாகியிருந்தன.

கிளாரா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இடுப்பில் மாட்டிக்கொண்டு திறந்த வெளியில் நடந்தால், மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு நொடிக்கு ஒரு முறை தன் இடத்தைக் குறித்துக்கொள்ளும். காலுக்கு ரத்தம் சரியாக ஓடாதவர்களால் ஒரேயடியாக நடக்க முடியாது. கொஞ்ச தூரம் போனதும் கெண்டைச்சதை கவ்விப் பிடிக்கும். நிற்பார்கள். வலி அடங்கியதும் மறுபடி நடப்பார்கள். பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், நடந்தது கோடாகவும் நின்றது புள்ளியாகவும் ஊர்ப்படத்தின் மேல் விழும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. தூரம் குறைந்தவர்களை டாக்டர் பாண்டியராஜ் மதுரைக்கு ஸ்கேனுக்கு அனுப்புவார். கூடியவர்களுக்கு மாத்திரை எழுதி, தினமும் நடக்கச் சொல்வார்.

ஆஸ்பத்திரி திண்டுக்கல்லில் ரவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கீழே நோயாளிகளின் அறைகள். மாடியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஆறு பெட்டிகள், கிளாரா. காந்திகிராமத்தில் இயற்பியல் முடித்துவிட்டு, சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். ‘இறங்கணும்’ என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் இறங்கித் திரும்பி நடந்து வரும் பெண்.

பெட்டியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றுதான் அன்று எடுத்தாள். டிராயருக்குள் கிடந்த பெட்டி அது. சுவருக்குள் சிக்கிக்கொண்டால் செயற்கைக்கோளின் சமிக்ஞை தடுமாறும், இருக்கிற இடத்திலேயே புள்ளி அலையும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி அலைந்தால் குழந்தை பென்சிலால் கிறுக்கியது போல ஒரு முடிச்சு விழும். இது முடிச்சு இல்லை. பேகம்பூருக்குப் பின்னால், கட்டடமே இல்லாத ஒரு வெற்றிடத்தில் தொடங்கி, வேலியோரமாக வந்து, ரோட்டுக்கு ஏறி, ரோட்டின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தது. தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. முதல் நாள் விட்ட இடத்தில் மறுநாள் தொடங்கியிருந்தது.

நாற்பது மீட்டர். ஒரு புள்ளி. நாற்பது மீட்டர். ஒரு புள்ளி.

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். அணைத்த திரையில் தன் முகம் தெரிந்ததும் எழுந்துகொண்டாள்.

அந்த நாற்பது மீட்டரை அவளுக்குத் தெரியும். ஒன்றரை மாதம் முன்பு, ஒரு மணி நேர நடைச் சோதனைக்கு வந்தபோது, கிரவுண்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, சிமெண்டு பெஞ்சு வரைக்கும் லத்தீப் பாய் அவள் கண்முன்னால் நடந்து வந்த தூரம் அது. முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே அவர் சிரித்தார்.

"பேகம்பூர் ரோட்டுல ஒரு பூட்டுக் கடை இருக்குது தாயி. அங்கன தொங்குற பூட்டு அம்புட்டும் எனக்கு அத்துப்படி. மாங்காப் பூட்டு, பெல் பூட்டு, பெட்டிப் பூட்டு. ஒண்ணும் வாங்குனதில்ல. வலிச்சா அங்க நின்னு பாப்பேன். சும்மா நின்னா என்ன பாய் ஆச்சுன்னு நாலு பேரு கேப்பான்ல?"

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க பாய். மெதுவா நடங்க. வலிச்சா நில்லுங்க. அம்புட்டுத்தான்."

கிரவுண்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இவரைப் பார்த்து சலாம் வைத்தார்கள். பாயின் முகம் சுருங்கிப்போனது.

"எங்க தெருப் பயலுக. இவனுக முன்னாடி நொண்டிக்கிட்டு நிக்கச் சொல்றியே." பிறகு வானத்தைக் காட்டினார். "மேல இருந்து பாக்குதே, அதுக்கு ஆளு முகம் தெரியுமா?"

"முகமெல்லாம் தெரியாது பாய். பெட்டி எங்க இருக்குன்னு மட்டும்தான்."

"தெரியாதுல்ல? பெறகென்ன." இடுப்பிலிருந்து பெட்டியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். பெட்டி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. "கிழவன் மானத்தைக் காப்பாத்து தாயி. ஒன் சம்பளத்துல கொறையவா போவுது?"

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெரியவர்களிடம் எப்போதுமே வந்ததில்லை. அவரைப் போலவே நடந்துவிடலாம், நாற்பது மீட்டருக்கு ஒரு தடவை நின்றுவிடலாம், கணக்கு கெடாது என்று நினைத்துத்தான் மைதானத்தில் இறங்கினாள். முதல் நாற்பது மீட்டரில் நின்றாள். கிரிக்கெட் நின்றது.

"அக்கா, பவுண்டரி லைன்ல நிக்காதீங்க!"

"டேய், அக்கா யாருக்கோ வெயிட் பண்றாங்கடா!"

சிரித்தார்கள். காது மடல் எரிந்தது. ஒரு பெண் காரணமில்லாமல் வெட்டவெளியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. வலி அடங்க அவருக்கு ஆகும் ஒரு நிமிடத்தைக்கூட முழுதாக நிற்காமல் நகர்ந்தாள். அதற்குப் பிறகு மைதானத்தின் மறுகோடியில், மதில் மறைவில் மட்டும் நின்றாள். ஒரு மணி நேரமும் அப்படியே. ஒவ்வொரு நடையும் நானூறு மீட்டருக்குக் குறையவில்லை.

டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மாத்திரை எழுதினார். ஐந்தாவது வாரத்தில் பாயின் வலது கால் விரல்கள் கறுத்தன.

இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

*

ஏழாம் நாள் அவள் பெட்டியின் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்தாள். மாலை ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கும்போது, கடைசி அறையிலிருந்து பாயின் மனைவி அஜீஸுன்னிசா கூப்பிட்டாள். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் கிளாரா நடையை வேகப்படுத்திக்கொள்வாள். அன்றைக்கு முடியவில்லை.

"இங்க வாம்மா. ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டிருந்தாக."

பாய் மல்லாந்து கிடந்தார். போர்வை இடது பக்கம் ஒரு காலின் உருவத்தில் மேடாக இருந்தது. வலது பக்கம் தொடையோடு மேடு முடிந்து, அதற்குக் கீழே கட்டிலோடு கட்டிலாகத் தட்டையாகக் கிடந்தது. கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"சரளை குத்துது. செருப்பை எடுத்துத் தா."

"அஞ்சு மணியானா இதே பாட்டுத்தான்" என்றாள் அஜீஸுன்னிசா. "இல்லாத காலு வலிக்குதுங்கிறாக. நேத்து மண்ணு ஒட்டியிருக்கு, கழுவி விடுன்னாக. எதைக் கழுவ?"

"அப்படித் தோணும்மா. நரம்பு மறக்காது." படித்ததைத்தான் கிளாரா சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"என்னமோ போ. பெத்த பிள்ளையப் பொதைக்கிற மாதிரி பொதைச்சோம் அந்தக் கால. ஒடம்புல ஒரு துண்டுன்னாலும் மண்ணுக்குத்தானம்மா குடுக்கணும். வெள்ளத் துணி சுத்தி, கற்பூரம் வச்சு, பேகம்பூருக்குப் பின்னாடி மையவாடியில. எம் மருமகன்தான் தூக்கிட்டுப் போனான். இம்புட்டுக் கனமா இருக்கேன்னு அழுதான்."

கட்டடமே இல்லாத வெற்றிடம். வேலியோரம்.

கிளாரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் டாக்டர் உள்ளே வந்தார். பாயின் தோளைத் தட்டினார். "நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் பாய். பிரியாணி ரெடி பண்ணச் சொல்லுங்க."

"டாக்டர், இந்த இடது காலும் ஜில்லுனு இருக்குதே" என்றாள் அஜீஸுன்னிசா. "கொஞ்சம் நல்லாப் பாருங்க. மதுரைக்கு அனுப்பணும்னாலும் அனுப்புங்க, கூட்டிட்டுப் போறோம்."

"ஃபேனுக்கு அடியில படுத்திருந்தா ஜில்லுனுதாம்மா இருக்கும். வலதுல வந்தது திடீர் அடைப்பு. யாருக்கு வேணா வரும். இடது காலுக்குப் பயமே இல்ல. ஒரே மூச்சுல நானூறு மீட்டர் நடந்த மனுசன். என்ன கிளாரா?"

பாய் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கெஞ்சலா, மன்னிப்பா, தெரியவில்லை. வெட்கப்படுகிறவரின் கண் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்றாள்.

*

எட்டாம் நாள் காலையில் பேட்டரியைப் போட்டுப் பார்த்தாள். முந்தைய மாலையின் நடை உள்ளே இருந்தது. பேகம்பூர் ரோட்டின் நடுவழியில் முடிந்திருந்தது.

பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாள். ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மாலை ஐந்துக்கு முன்பே அந்த இடத்துக்குப் போனாள். பகல் வெளிச்சம். டவுன் பஸ், ஆட்டோ, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், பிரியாணிக் கடையில் தாளிக்கும் பட்டை கிராம்பு வாசனை. அவள் நின்ற இடத்துக்கு நேராக ஒரு பூட்டுக் கடை. வாசலில் கம்பியில் வரிசையாகப் பூட்டுகள் தொங்கின.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பூட்டும்மா?"

"சும்மா பாக்குறேண்ணே."

லத்தீப் பாய் இங்கே என்ன சொல்லியிருப்பாரோ அதைத்தான் அவளும் சொல்லியிருந்தாள்.

முதலில் வாசனைதான் வந்தது. தாளிப்பு வாசனைக்கு அடியில் புகுந்து, தரையோடு தரையாக ஊர்ந்து வருவதுபோல, ஈரத்தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் புளித்த நெடி. அதற்கு மேலே மெல்லிய கற்பூரம். எதிர்ப்பக்கம் படுத்திருந்த நாய் எழுந்தது. ஆட்களைப் பார்க்கும் உயரத்தில் அது பார்க்கவில்லை. தரையைப் பார்த்தது. அதன் தலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடியது.

தப்.

வெறும் பாதம் தார் ரோட்டில் விழும் சத்தம். இரண்டு பாதங்களாக நடந்தால் சத்தம் மாறி மாறி வர வேண்டும். இது ஒன்றேதான்.

தப்.

கூட்டம் எதையும் கவனிக்கவில்லை. ஆனால் அதன் வழியை விட்டு ஒதுங்கியது. ஒரு அம்மா காரணம் தெரியாமல் பிள்ளையை இழுத்து மறுபக்கம் விட்டுக்கொண்டாள். சைக்கிள்காரர் ஒருவர் வளைத்து ஓட்டினார்.

தப்.

அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொங்கிய பூட்டுகள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. அதே நொடியில் கிளாராவின் வலது கெண்டைச்சதையை யாரோ உள்ளிருந்து முறுக்கினார்கள். அப்படி ஒரு வலியை அவள் அறிந்ததில்லை. காலை ஊன்ற முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது. ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டுகளைப் பார்த்தபடி நின்றாள். மாங்காய்ப் பூட்டு. பெல் பூட்டு. பெட்டிப் பூட்டு. ஒரு நிமிடம் அவளும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வலி விட்டது. தப் என்று அது அவளைத் தாண்டிப் போனது. ஆஸ்பத்திரி இருக்கும் திசையில்.

அது தன்னைத் தேடி வரவில்லை என்று அப்போது அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு நடந்திருக்க வேண்டிய நடையை, நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்று, அது நடந்து முடிக்கிறது. முடித்ததும் என்ன செய்யும் என்று நினைக்கப் பயந்தாள். டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் சின்னாளப்பட்டி வரும்வரை வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினாள்.

*

ஒன்பதாம் நாள் மத்தியானத்திலிருந்தே மேகம் கட்டியது. ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்ட சிறிது நேரத்தில் கரண்ட் போனது. மலைக்கோட்டைப் பாறை இருந்த பக்கம் வானமும் பாறையும் ஒரே கறுப்பாகிவிட்டன. முந்தைய நாளின் நடை தெருமுனை மருந்துக் கடையில் முடிந்திருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டே நிறுத்தம்.

கீழேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். "கிளாரா, செத்த கீழ வாம்மா."

கடைசி அறையில் இன்வெர்ட்டர் விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அஜீஸுன்னிசா துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பும் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். பாயின் இடது பாதம் போர்வைக்கு வெளியே கிடந்தது. கிளாரா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். பெருவிரல் நகம் நாவல்பழத்தின் நிறத்தில் இருந்தது. இந்த வெளிச்சத்தில் எதுவும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாயோட நடை கரெக்டா எவ்வளவு? சீட்டுல எழுதணும். நானூத்திச் சொச்சம்தான?"

ஒரு எண். அதைச் சொன்னால் போதும். அவர் எழுதுவார். அந்த இடது கால் வீட்டுக்குப் போகும்.

"மருந்துக் கடையைத் தாண்டிட்டேன்" என்றார் பாய், கண்ணை மூடிக்கொண்டே.

"ஆரம்பிச்சாச்சா?" அஜீஸுன்னிசா சலித்துக்கொண்டாள். "எங்க போறீக? வீட்டுக்கா? இருங்க, ஆட்டோ வரட்டும்."

மழை பெய்யவில்லை. காற்றும் இல்லை. அதனால் நன்றாகக் கேட்டது.

தப்.

தெருவில்.

தப். தப்.

நின்றது. கிளாராவின் கெண்டைச்சதை முறுக்கியது. சுவரைப் பிடித்தாள்.

"என்னம்மா, கால் வலியா?" என்றார் டாக்டர். "இந்த வயசிலயா? பாய்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?"

அவர் சிரித்தார்.

தப்.

"படி" என்றார் பாய். "மூணு படி."

ஒன்று.

இரண்டு.

மூன்று.

சுண்ணாம்பு நெடி. கற்பூரம். அஜீஸுன்னிசாவின் கை பைக்குள்ளேயே நின்றது. அவள் மூக்கு அந்த வாசனையை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

நடைபாதையில். துடைத்த ஈரம் காயாத தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் பாதம்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஒன்றுமில்லை. தரையில் மட்டும் ஒரு சுவடு விழுந்தது. வலது பாதம். வெள்ளையாக. மண்ணோடு. அதற்கு முன்னால் இன்னொன்று. இன்னொன்று. கட்டிலை நோக்கி இல்லை.

அவளை நோக்கி.

"எவ்வளவும்மா?" டாக்டர் சீட்டிலிருந்து நிமிரவில்லை.

கடைசிச் சுவடு அவள் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. பிறகு சுவடு இல்லை.

"வந்து சேந்துட்டேன்" என்றார் பாய். நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. வலி நின்னுருச்சு."

கிளாராவுக்கு வலது காலில் வலி இல்லை. சூடு இல்லை. எதுவுமே இல்லை. ஆனால் கனமாக இருந்தது.

குனிந்து பார்த்தாள்.

சுடிதாரின் ஓரத்துக்குக் கீழே, இடது செருப்பில் அவளுடைய பாதம். பக்கத்தில், அவளுடைய வலது செருப்பில், பட்டையைப் பிதுக்கிக்கொண்டு, சுண்ணாம்பில் வெடித்த குதிகால். கறுத்த ஐந்து விரல்கள். நகக்கண்ணில் மையவாடி மண்.

விரல்கள் அசைந்தன. ஊன்றி நிற்கப் பழகுவதுபோல.

பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு ‘தாயி’ என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

டாக்டரின் பேனா காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். குரல் வந்தது. அறை முழுக்கக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

"அன்னைக்கு கிரவுண்டுல பாய் நடக்கவே இல்ல சார். பெட்டிய மாட்டிக்கிட்டு நடந்தது நான்."